அண்ணாச்சி சொல்லாத பெயர்

பீர் ஊற்றித் தருகிற பெரிய கண்ணாடிக் கோப்பையில் பால் விடாத தேநீரை நிரப்பி, அதில் அரை எலுமிச்சையைப் பிழிந்து, ஒரு மிடறு குடித்துவிட்டு அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் சீப்பு. ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக்குப் பக்கத்தில், ஒரு டயர் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் இருந்த அந்தப் பாருக்குள் நான் நுழைந்தது மழைக்கு ஒதுங்கத்தான். வாசலில் ஏதோ ஐரிஷ் பெயர் எழுதியிருந்தது. உள்ளே நின்றவர் என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். திருச்சி என்றேன். "நமக்குக் கோவில்பட்டி பக்கம். உக்காருங்க, தலையத் தொவட்டுங்க" என்று ஒரு துண்டை நீட்டினார். நியூ ஜெர்சியில் ஒரு பாருக்குத் தமிழர் முதலாளியாக இருப்பார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அன்று முதல் அவர் எனக்கு அண்ணாச்சி.

கப்பலில் சமையல்காரராக வந்து இறங்கியவர். அந்தப் பாரில்தான் தட்டுக் கழுவினார். பிறகு கவுண்டரில் நின்றார். பிள்ளையில்லாத பழைய முதலாளி ஓய்வுபெற்றபோது இவருக்கே விற்றுவிட்டுப் போனார். பெயர்ப்பலகையை மட்டும் மாற்றவில்லை. ஏன் என்று கேட்டால், "அந்தப் பேருக்குத்தான ஆளு வருது" என்பார். ஒரு சொட்டு குடிக்கமாட்டார். தாளித்த கொண்டைக்கடலையைச் சின்னக் கிண்ணங்களில் போட்டு வைப்பார். ஓய்வுபெற்ற தபால்காரரும் குழாய் வேலை செய்பவர்களும் பீருக்கு முன்னால் அதைத்தான் கேட்பார்கள். சமையல் அவர் மனைவி. நாங்கள் மதினி என்போம்.

எங்கள் ஊர்க்காரர்களும் வருவார்கள், ஆனால் சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள். சனிக்கிழமை பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு, அது முடிகிற வரைக்கும் இரண்டு மணி நேரம். வீட்டில் கேட்டால் லைப்ரரி. தமிழ்ச் சங்க விழாவில் அண்ணாச்சியைப் பார்த்தால் அதே ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒரு பொங்கல் விழாவில் ஒரு ஆண்ட்டி அவரிடம், "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டபோது, நான் முந்திக்கொண்டு "ரெஸ்டாரண்ட் வச்சிருக்காரு" என்றேன். அவர் மறுக்கவில்லை. திரும்பும்போது காரில், "பாருன்னே சொல்லிருக்கலாம் தம்பி, எனக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

என் அப்பா இறந்தபோது எனக்கு விசா புதுப்பிப்பு நிலுவையில் இருந்தது. போனால் திரும்பி வர முடியுமா என்று வக்கீலால் உறுதி சொல்ல முடியவில்லை. தகனத்தைப் போனில் காட்டுவதாகத் தம்பி சொன்னான். இங்கே விடிகிற நேரம். வீட்டில் குழந்தை தூங்குகிறது, அழவும் இடமில்லை. அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். அவர் பாரைத் திறந்து, விளக்கைப் போட்டு, போனை ஒரு பாட்டிலில் சாய்த்து வைத்தார். திருச்சி வெயிலில் அப்பா எரிவதை அந்த ஆளில்லாத பாரில் உட்கார்ந்து பார்த்தேன். முடிகிற வரைக்கும் அவர் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார், தோளில் கை வைத்தபடி. முடிந்ததும், "போய்க் குளி தம்பி. மாடில சுடுதண்ணி வரும்" என்றார். குளித்துவிட்டு இறங்கி வந்தபோது மதினி கஞ்சி வைத்திருந்தார்.

இப்படிப்பட்ட ஒருவருக்கு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு ஒரு நண்பன் இருந்தான். சென்னைக்காரன். ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். அவனுக்கு எட்டு வயதில் ஒரு மகன், எனக்கும் அதே வயதில் ஒரு மகள். ஒரு வெள்ளிக்கிழமை அவனை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவன் வீட்டில் சொல்லவில்லை. மறுநாள், மகளை வகுப்பில் விட்டுவிட்டு நான் பாருக்குப் போனபோது, அவன் எனக்கு முன்பே வந்து குடித்துக்கொண்டிருந்தான். அறுபது நாளில் வேறு வேலை கிடைக்காவிட்டால் ஊரைப் பார்த்துப் போகவேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். மூன்றாவது விஸ்கியோடு அண்ணாச்சி நிறுத்திவிட்டார். வழக்கம்போல் அவன் கார்ச் சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டார். அது அந்தப் பாரின் சட்டம். யாரும் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

நான்கு மணிக்கு வகுப்பு முடியும். மூன்றே முக்காலுக்கு எழுந்தேன். "அண்ணாச்சி, இவன என் கார்ல கொண்டுபோய் விட்டுடறேன். அவன் காரு இங்கயே இருக்கட்டும். வீட்டுச் சாவியும் அதுலதான் இருக்காம், குடுங்க" என்றேன்.

அவர் உடனே தரவில்லை. "நீதான் ஓட்டுத?"

"நான்தான்."

"அவன் கையில குடுத்திராத" என்று சொல்லி, என் உள்ளங்கையில் வைத்தார்.

வெளியே வந்தோம். பார்க்கிங்கில் நிற்கும்போது வகுப்பு ஆசிரியை கூப்பிட்டார். இன்றைக்குச் சீக்கிரம் முடித்துவிட்டார்களாம், எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள், என் மகள் மட்டும் வாசலில் நிற்கிறாள். நண்பனின் வீடு எதிர்த்திசையில். அவன் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். "மச்சான், நீ போய்ப் பாப்பாவ பிக்கப் பண்ணு. நான் நல்லாத்தான்டா இருக்கேன். ஏழு நிமிஷம் டிரைவ், அவ்ளோதான்."

மகளை இவனோடு காரில் ஏற்றிக்கொண்டால் வாடையைக் கண்டுபிடித்து வீட்டில் சொல்லிவிடுவாள் என்ற எண்ணமும் எனக்கு வந்தது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சாவியைக் கொடுத்துவிட்டேன்.

பதினெட்டாம் எண் சாலையில், ஒரு சிக்னலைக் கவனிக்காமல் போய் இன்னொரு காரில் மோதினான். அந்தக் காரை ஓட்டிய முதியவருக்கு இடுப்பெலும்பு உடைந்தது. என் நண்பன் அங்கேயே இறந்துவிட்டான்.

செய்தி வந்ததும், போலீஸ் விசாரிப்பதற்குள் நான் பாருக்கு ஓடினேன். அடுத்த மாதம் எனக்குக் கிரீன் கார்டு நேர்காணல் இருந்தது. அதைத்தான் உளறினேன் என்று நினைக்கிறேன். அண்ணாச்சி கவுண்டரைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "பிள்ளைய வீட்டுல விட்டுட்டியா?" என்றார். விட்டுவிட்டேன் என்றேன். "சரி, போ. எங்கிட்ட கேட்டா நான் பாத்துக்கிடுதேன்."

வெளியே வந்ததும் அவரவர் காருக்குப் போனோம் என்று போலீஸிடம் சொன்னேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அண்ணாச்சிதான் பொய் சொன்னார். அவனே கேட்டான், அவன் கையிலேயே சாவியைக் கொடுத்தேன் என்றார். முதியவர் பார் மேல் தொடுத்த வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "சாவியை வாங்கி வைத்தீர்கள் என்றால், அவர் நிதானத்தில் இல்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே எப்படித் திருப்பிக் கொடுத்தீர்கள்?" அத்தனை வருடமாக அவர் செய்துவந்த நல்ல காரியமே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. லைசென்ஸைச் சில மாதங்கள் முடக்கினார்கள். எங்கள் ஆட்கள் அந்தப் பக்கமே போகாமல் ஆனார்கள்.

நண்பனின் சடங்குகள் முடிந்த மறுநாள், அவன் மனைவி அந்தப் பாரைப் பார்க்கவேண்டும் என்றாள். டெக்சாஸிலிருந்து வந்திருந்த அவள் அண்ணனுக்கு வழி தெரியாது. நான்தான் என் காரில் அழைத்துப் போனேன். அவள் கவுண்டருக்கு முன்னால் போய் நின்றாள்.

"சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு? எதுக்குக் குடுத்தீங்க?"

"கேட்டாரும்மா. குடுத்துட்டேன். தப்புத்தான்" என்றார் அண்ணாச்சி.

"ஊத்திக் குடுத்துட்டு, சாவியையும் குடுத்து அனுப்பிச்சீங்களா? நீங்க நல்லாவே இருக்க மாட்டீங்க. இந்தக் கடை விளங்காது." சமையலறையிலிருந்து மதினி ஈரக் கையோடு ஓடி வந்தார். நான் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அண்ணாச்சி தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் ஒருவேளை நான் பேசியிருப்பேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பேசியிருக்கமாட்டேன்.

அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. குடியையும் விட்டுவிட்டேன். அதை மனைவி பெரிய விஷயமாகச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். நண்பனின் மனைவி மகனோடு டெக்சாஸில் இருக்கும் ஃபிரிஸ்கோவுக்கு, அண்ணன் வீட்டுப் பக்கம் போய்விட்டாள். லைசென்ஸ் திரும்பக் கிடைத்த பிறகு அண்ணாச்சி யார் சாவியையும் யார் கையிலும் கொடுப்பதில்லை என்றும், அதிகமாய்க் குடித்தவர்களை அவரே தன் பழைய வேனில் கொண்டுபோய் வீட்டில் இறக்கிவிடுகிறார் என்றும் கேள்விப்பட்டேன்.

நான்கு வருடம் கழித்து ஒரு மத்தியானம், தாங்கமுடியாமல் போனேன். கேட்காமலேயே எனக்கும் ஒரு கோப்பைத் தேநீர் வைத்தார். "பிள்ள நல்லாருக்காளா?" என்றார். நன்றாயிருக்கிறாள் என்றேன். "கார்டு வந்துட்டா?"

"வந்துடுச்சு அண்ணாச்சி."

"நல்லது" என்றார். அதற்கு மேல் அவரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போன வருடம் அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரியவந்தபோது முற்றிப்போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். எப்போதும் படிய வாரியிருக்கும் தலையில் முடியே இல்லை. மதினியை, "எனக்கு ஐஸ் வாங்கிட்டு வா" என்று அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார். நான் அழுதேன். அந்தப் பெண் இன்னும் அவரைத்தான் சபித்துக்கொண்டிருக்கிறாள், நான் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"திட்டட்டும். யாரையாவது திட்டணும்லா அவளுக்கு." மூச்சு வாங்கினார். "அவன் போயிட்டான். ஒன் பிள்ளையும் தகப்பன் இல்லாம நிக்கணுமான்னு நெனச்சேன். அவ்வளவுதான். நான் போன பொறவு சொல்லுதியோ, சொல்லாம இருக்கியோ, அது ஒன் இஷ்டம்." அதற்குள் மதினி வந்துவிட்டார்.

இரண்டு வாரத்தில் இறந்துபோனார். தபால்காரர் தடியை ஊன்றிக்கொண்டு வந்திருந்தார். குழாய் வேலைக்காரர்கள் கோட் போட்டு வந்தார்கள். அவர் வேனில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த யார் யாரோ வரிசையில் நின்று அழுதார்கள். தமிழர்கள் என்று பார்த்தால் ஆறேழு பேர். யாராவது இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார்கள். நான் எழுந்து, அவர் என் அப்பாவின் தகனத்தன்று பாரைத் திறந்த கதையைச் சொன்னேன். நன்றாகப் பேசினேன் என்று எல்லோரும் சொன்னார்கள். மதினி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

மறு வாரம் ஃபிரிஸ்கோ போனேன். ஒன்றுபோல இருந்த புது வீடுகளுக்கு நடுவில் அவள் வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு முறை சுற்றிவிட்டேன். "வாங்கண்ணா, எவ்ளோ வருஷமாச்சு!" என்று சந்தோஷமாகக் கதவைத் திறந்தாள். மகன் கல்லூரியில் இருக்கிறான் என்றாள். காபி போடப் போனவளை உட்காரச் சொல்லி, பார்க்கிங்கில் நடந்ததை, எதையும் விடாமல் சொன்னேன். மகளின் மூக்குக்குப் பயந்ததையும் சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "அந்த மனுஷன் வருஷா வருஷம் என் பையன் பர்த்டேக்குக் கார்டு அனுப்புவாரு. பிரிக்காமயே குப்பையில போட்டுடுவேன்" என்றாள். பிறகு, "அவங்க வொய்ஃப் நம்பர் இருக்கா?" என்று கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். "நீங்க கெளம்புங்க" என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை.

நான்கு நாள் கழித்து மதினி கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு பேசுச்சு. அழுதுச்சு. நானும் அழுதேன்" என்றார். குரல் அமைதியாகத்தான் இருந்தது. "எங்கிட்டகூட அவுக சொல்லல தம்பி. பதினோரு வருசம், சாவிய ஏன் குடுத்தீய, சாவிய ஏன் குடுத்தீயன்னு அவுகளப் போட்டுப் படுத்திருக்கேன். கடைப் பேரு போச்சேன்னு ஏசிருக்கேன். கடைசியில தண்ணிகூட எறங்காமக் கெடந்தாகளே, அன்னைக்குக்கூடக் கேட்டேன். என்னையப் பாத்துக்கிட்டே இருந்தாக. ஒண்ணுஞ் சொல்லல. அப்படித்தான் அவுகள நான் அனுப்பி வச்சிருக்கேன்."

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அந்தப் பொண்ணு மண்ண வாரித் தூத்துனப்ப நீ பக்கத்துலதான நின்ன?"

"ஆமா மதினி."

"ஒன்னையக் காட்டிக் குடுக்கக்கூடாதுன்னு அவுக நெனச்சாக. அது அவுக கொணம். எனக்கு அந்தக் கொணம் இல்ல. நீ இனிமே இங்க வரண்டாம்."

சரி மதினி என்று சொன்னேன். அதற்குள் அவர் போனை வைத்துவிட்டிருந்தார்.