ஒண்ணாம் நம்பர்

போன வியாழக்கிழமை மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் பார்சல் கொண்டுவந்த தம்பி ஒருவர் வாசலில் நனைந்தபடி நின்று, "அக்கா, அஞ்சு ஸ்டார் போட்டுருங்க, கொறஞ்சா எங்களத்தான் கேப்பாங்க" என்றார். போட்டேன். சோப்புக்கு, ஆட்டோவுக்கு, பல் டாக்டருக்கு என்று இந்த மாதத்தில் எத்தனை போட்டேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். ஆனாலும் ஐந்தாவது நட்சத்திரத்துக்கு மேலே என் விரல் ஒரு கணம் தயங்குவது மட்டும் இன்னும் போகவில்லை. அந்தத் தயக்கம், நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் ஐப்பசியில் தொடங்கித் தையில் முடிந்த ஒரு விஷயத்தின் மிச்சம்.

கோவில்பட்டியில் அப்பாவுக்கு வத்தல் கடை. எங்கள் பக்கத்தில் வத்தல் என்றால் மிளகாய் வத்தல்தான். கரிசல் காட்டில் மானாவாரியாக விளைந்தது மாசி, பங்குனியில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கடையின் பின்பக்கத்தில் கொட்டித் தரம் பிரிப்பார்கள். நல்ல நிறமும், காதருகே உலுக்கினால் விதை சலசலக்கும் சத்தமும் இருந்தால் ஒண்ணாம் நம்பர். கொஞ்சம் மங்கியது ரெண்டாம் நம்பர். வெள்ளை விழுந்தது மூணு, காம்பும் உடைசலும் நாலு. கடைசியில் விளக்குமாற்றால் கூட்டி அள்ளுகிற தூசியும் விதையும் அஞ்சு. கடையில் ஒரு ஆளை வைவதென்றால்கூட, "அவன் அஞ்சாம் நம்பருல்லா" என்பார்கள். பள்ளிக்கூடத்திலும் இதே முறைதான். அங்கே நான் முதல் ராங்க். ஐந்தாவது ராங்க் எடுத்த அன்று பக்கத்துப் பெஞ்சுப் பெண் அழுதாள்.

சித்தப்பா இஞ்சினியரிங் முடித்துவிட்டு இரண்டு வருஷமாக ஊரில் இருந்தார். வெளியூர் போக அவருக்கு விருப்பமில்லை. அப்பாவின் சரக்கை ஒரு ஆன்லைன் கம்பெனி வழியாக இணையத்தில் விற்கிறேன் என்றார். அப்பா யோசித்துவிட்டு ஒரு கெடு வைத்தார்.

"தை பொறக்கட்டும். அதுக்குள்ள ஒன் யாவாரம் ஓடலன்னா பேசாம மெட்ராசுக்கு வண்டி ஏறிரணும்."

சித்தப்பா ஒப்புக்கொண்டார். நானும் மனதுக்குள் ஒப்புக்கொண்டேன், அவர் போகக் கூடாது என்ற ஒரே நிபந்தனையுடன். வீட்டில் என்னோடு உட்கார்ந்து பேசுகிற பெரிய ஆள் அவர் ஒருவர்தான். ஒவ்வொரு நாளும் நடந்ததைத் தேதி போட்டு எழுதச் சொல்லி எனக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கித் தந்தவரும் அவர்தான். இதையெல்லாம் எழுத இப்போதும் அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வெள்ளைப் போர்வை விரித்து, அதன் மேல் வத்தலைப் பரப்பி, சித்தப்பா நாற்பது போட்டோவாவது எடுத்திருப்பார். கால் கிலோ, அரைக் கிலோப் பாக்கெட்டுகள் வந்தன. அப்பா ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஒடிச்சு மோந்து பாக்காம வத்தல எவம்ல வாங்குவான்?"

"அதுக்குத்தான் ஸ்டார் இருக்கு அண்ணாச்சி. முன்ன வாங்குனவன் மோந்து பாத்துச் சொல்லிருவான்."

"அப்பம் அடுத்தவன் மூக்க வச்சு நான் யாவாரம் பண்ணணும்."

முதல் மாதம் ஒருவரும் வரவில்லை. எங்கள் வத்தல் எங்கே இருக்கிறது என்று சித்தப்பா எனக்குக் காட்டினார். திரையைத் தள்ளித் தள்ளி விரல் வலித்த பிறகு, மிகக் கீழே, யாரும் இறங்கிவராத ஆழத்தில் அது இருந்தது. நட்சத்திரம் இருந்தால்தான் மேலே வரும். வாங்கினவர்கள்தான் நட்சத்திரம் போட முடியும். மேலே வந்தால்தான் வாங்குவார்கள். ஒரு திறமையான வாத்தியார்கூட இந்த வட்டத்தை உடைத்திருக்க முடியாது. சித்தப்பா சொந்தக்காரர்களை வைத்து உடைக்கப் பார்த்தார். ஆளுக்கு ஒரு பாக்கெட் ஃபோனில் வாங்க வேண்டும், வந்ததும் நட்சத்திரம் போட வேண்டும். பசுவந்தனையில் இருக்கும் அத்தைதான் முதல் ஆள்.

"ஏலே, எங்க பிஞ்சையில வெளஞ்ச வத்தல ஒங்க அண்ணன்ட்ட வித்துட்டு, அதையே நான் ஃபோன்ல வாங்கணுமாக்கும்?"

வாங்கினாள். அத்தை காட்டில் விளைந்த வத்தல் எங்கள் கடைக்கு வந்து, அங்கிருந்து மதுரையில் அந்தக் கம்பெனியின் சரக்குக் கிட்டங்கிக்குப் போய், ஆறாம் நாள் பசுவந்தனைக்குத் திரும்பி வந்து சேர்ந்தது. "நல்லா ஊர் சுத்திட்டு வந்துருக்கு" என்றாள்.

கார்த்திகையில் அத்தை வீட்டில் காதுகுத்து. வாங்கின சொந்தம் அத்தனையும் ஒரே பந்தலுக்குள் இருந்தது. யாருக்கும் நட்சத்திரம் போடத் தெரியவில்லை. சித்தப்பா பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தவர், என்னை நிறுத்திச் சொன்னார்.

"ஏட்டி, எல்லார் ஃபோனயும் வாங்கி நம்ம வத்தலுக்கு ஸ்டார் போட்டுரு. எங்கன அமுக்கணும்னு காட்டிக் குடுத்தம்லா? நம்ம சரக்கு என்ன தரம்னு ஒனக்குத் தெரியும்லா?"

"தெரியும் சித்தப்பா."

தெரிந்ததைச் செய்தேன். ஐந்து நட்சத்திரங்கள் வரிசையாக, நிறமில்லாமல் இருந்தன. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. யோசிக்க அதில் ஒன்றுமில்லை. முதலாவதை அமுக்கினேன். அது மட்டும் மஞ்சளானது. கீழே ஆங்கிலத்தில் ஏதோ வந்தது. அதற்குள் அடுத்த ஃபோன் கைக்கு வந்துவிட்டது.

"என்னட்டி, மொய் எழுத வந்தியா?" என்று அத்தை கேட்டாள். எப்போதும்வென்றான் என்ற ஊரிலிருந்து வந்த மாமா ஒருவர் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எத்தனாவதை அமுக்குகிறாய் என்று விசாரித்தார்.

"ஒண்ணு, மாமா."

"அது சரி. நம்ம வத்தலு ஒண்ணாம் நம்பருல்லா. வேற யாரும் மாத்தி அமுக்கிராம பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டேன். மொத்தம் பதினேழு ஃபோன். நோட்டில் கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை என்று போட்டு, அதன் கீழே பதினேழு பேரையும் முறைப்படி எழுதினேன். பந்தி முடிந்து களைத்து உட்கார்ந்திருந்த சித்தப்பாவிடம் போய் எல்லாம் முடிந்தது என்றேன். என் கன்னத்தைக் கிள்ளி, தன் இலையில் இருந்த லட்டைத் தந்தார்.

அடுத்த வாரம் சித்தப்பா மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தவர் சாப்பிட எழுந்துவரவில்லை. அப்பா வந்து தோளுக்கு மேலாகப் பார்த்தார். எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.

"என்னலே?"

"சரக்கு மோசம்னு போட்டுருக்காங்க அண்ணாச்சி."

"யாரு?"

சித்தப்பா மடிக்கணினியைப் பாதி மூடினார். "வெளியூர்க்காரங்க. பேரு தெரியல."

அப்பா முகம் சுண்டியது. அவருடைய சரக்கை மோசம் என்று சொன்னவர்கள் அதுவரை யாருமில்லை. அன்று சாயங்காலம் ஒண்ணாம் நம்பர் மூட்டையைப் பிரித்து, தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு வத்தலாக ஒடித்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அந்த வெளியூர்க்காரர்கள் மேல் கடுமையான கோபம் வந்தது. அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

மறுநாள் சித்தப்பா என் நோட்டைக் கேட்டார். காதுகுத்துப் பக்கத்தைத் திருப்பினார். அதன் தலைப்பில், சிவப்பு மையில், 'ஒண்ணாம் நம்பர் போட்டவர்கள்' என்று எழுதி அடிக்கோடு இட்டிருந்தேன். அதை வெகுநேரம் படித்தார். பிறகு நோட்டை மூடி என் கையில் தந்தார்.

"கையெழுத்து நல்லாருக்குட்டி" என்றார்.

அதன் பிறகு அவர் பைக்கை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஊராகப் போய்வந்தார். நெட்டில் ஏதோ கோளாறு, சரி பண்ண வேண்டும் என்று சொல்லி ஃபோன்களை வாங்கினாராம். ஒன்பது ஃபோனில் மாற்றி முடிப்பதற்குள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஒரே வட்டாரத்து ஆட்கள் ஒரே நாளில் நட்சத்திரம் போட்டு, ஒரே வாரத்தில் மாற்றியும் போடுவது சந்தேகத்துக்குரியது; கணக்கு மூடப்படுகிறது. மதுரையில் கிடந்த பாக்கெட்டுகள் ஈரம் கோத்துத் திரும்பி வந்தன. அப்பா அவற்றைப் பிரித்து மூணாம் நம்பரில் கொட்டினார்.

இதெல்லாம் எனக்குப் புரிந்தது கல்லூரியில் சேர்ந்து சொந்தமாக ஒரு ஃபோன் வாங்கிய பிறகுதான். முதல் ஆட்டோ, முதல் நட்சத்திரம், கீழே 'மோசம்' என்று அதே ஆங்கிலச் சொல். நடு ரோட்டில் நின்றேன். அன்று ராத்திரி வரை பொறுக்காமல் சித்தப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அது எதுக்குட்டி இப்பம்" என்று சொல்லிவிட்டு அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்தார். சென்னையில் அவருக்கு என்ன வேலை என்று கேட்டால் சிரிப்பார். சிறு கடைக்காரர்களுக்கு நட்சத்திரம் கூட்டுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிற கம்பெனி. அப்பாவின் ஒண்ணாம் நம்பரை இப்போது கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மொத்தமாக வாங்கித் தன் பெயர் போட்ட பாக்கெட்டில் விற்கிறார். நாலரை நட்சத்திரம். நான் அதைத்தான் வாங்குகிறேன். வேறென்ன செய்ய.

அந்த வருஷம் தைப்பொங்கல் முடிந்து நான்காம் நாள், மதிய வண்டிக்கு சித்தப்பாவை ஏற்றிவிட அப்பாவும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். அப்பா தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். அழுதால் அவர் இறங்கிவிடுவார் என்று ஒரு நம்பிக்கை இருந்ததால் அழுதேன். பேச்சை மாற்றுவதற்காக, அரையாண்டில் என்ன ராங்க் என்று கேட்டார்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன்.

அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார், சிரிக்கும்போதே முகத்தை உள்ளே திருப்பிக்கொண்டார். வண்டி நகர்ந்ததும் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, ஐந்து விரல்களையும் நன்றாக விரித்து, அசைக்காமல் எனக்குக் காட்டினார்.

டாட்டா சொல்கிறார் என்று நினைத்து நானும் கையை ஆட்டினேன்.