படிப்படியாக வெளியேறு!

போன ஞாயிற்றுக்கிழமை மாலை தாம்பரம் பஸ் நிறுத்தம் அருகே நின்று கோஷம் போட்டேன். என்னைப் பார்த்திருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள் — கையில் அட்டை, தலையில் தொப்பி, வாயில் இருமல் மிட்டாய்!

ஒரு பெரிய நாடு பக்கத்துச் சின்ன நாட்டுக்குள் ராணுவத்தை அனுப்பிவிட்டு, மாதக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. எந்த நாடா? நீங்களும்தான் பேப்பர் படிக்கிறீர்கள்! அங்கே குழந்தைகள் குடத்தோடு தண்ணீருக்கு வரிசையில் நிற்பதை டி.வி.யில் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் கோபம் நிஜம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்னை அழைத்துப் போனவர் கோதண்டராமன் சார். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் ஃப்ளாட்ஸில் தரைத்தளக்காரர். மத்திய அரசு வேலையில் ரிட்டையர் ஆனவர். உலகத்தில் எந்த மூலையில் அநியாயம் நடந்தாலும் இவருக்குத்தான் பி.பி. ஏறும்.

சமீபத்தில் நம் மாநிலத்தில் ஆட்சி மாறியபோது வீடு வீடாக லட்டு கொடுத்தார். "நாற்காலி யாருக்கும் சொந்தமில்ல சார். ஜனங்க போன்னா போயிட்டே இருக்கணும்!"

லட்டில் குறையே இல்லை. ஆனால் பாருங்கள்... அதே மாதம் எங்கள் அசோசியேஷனுக்கும் தேர்தல் நடந்தது. பல வருடங்களாகத் தலைவராக இருந்த கோதண்டராமன் சார் தோற்றுப்போனார். இரண்டாவது மாடி ஸ்டெல்லா டீச்சர் ஜெயித்தார். சார் பெருந்தன்மையாகச் சால்வை போர்த்தினார், கைதட்டினார், போட்டோவுக்கு நின்றார். சாவியை மட்டும் கொடுக்கவில்லை!

மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அசோசியேஷன் ரூம் சாவிதான். உள்ளே சாருடைய ஈஸி சேர், டேபிள் ஃபேன், பேப்பர் கட்டுகள். கூடவே, மொத்த ஃப்ளாட்ஸுக்கும் தண்ணீர் ஏற்றும் மோட்டார் சுவிட்ச். அதாவது, சார் மனசு வைத்தால்தான் எங்களுக்குக் குளியல்.

ஆர்ப்பாட்டத்தில் மைக் சார் கைக்குப் போனது. மனிதர் பொரிந்து தள்ளிவிட்டார்.

"பாதுகாப்புக்காக இருக்கோம்ங்கறான்! உன்னை யாருய்யா காவலுக்குக் கூப்பிட்டா? அவங்களுக்கு ஆளத் தெரியாதுங்கறான்! அதைச் சொல்ல நீ யாரு? படிப்படியாப் போறேங்கறான்! வரும்போது படிப்படியாவா வந்தே?"

பலத்த கைதட்டல். சர்ச்சிலிருந்து நேராக வந்திருந்த ஸ்டெல்லா டீச்சர்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். "வெளியேறு! வெளியேறு!" என்று நான் கத்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. என் மனைவி சுமதி.

"அங்க யாரை வெளியேறச் சொல்றீங்க? இங்க டேங்க்ல சொட்டுத் தண்ணி இல்ல. எதிர் வீட்டுப் பொண்ணு கைக்குழந்தையை வெச்சுக்கிட்டுத் தவிக்கிறா. மோட்டார் ரூம் பூட்டியிருக்கு!"

நான் சாரைப் பார்த்தேன். அவர் முஷ்டியை உயர்த்தும்போதெல்லாம் சட்டைப் பையில் சாவி கிணுகிணுத்தது.

விஷயத்தைச் சொல்லி, மூவரும் அவசரமாக ஷேர் ஆட்டோவில் ஏறினோம். சேலையூர் தாண்டும்போது டீச்சர் மெதுவாக ஆரம்பித்தார்.

"சார், அந்தச் சாவியைக் குடுத்துடுங்களேன். தண்ணி விஷயம்."

"தரமாட்டேன்னு சொல்லலையே டீச்சர். ஒயரிங் எல்லாம் பழசு. ஒரு பாதுகாப்புக்குத்தான் வெச்சிருக்கேன்."

"நான் பார்த்துக்கறேன் சார்."

"உங்களுக்கு அந்த மோட்டாரை ஆளத் தெரியாது."

"சொல்லிக் குடுங்க, கத்துக்கறேன்."

"குடுக்கறேன், குடுக்கறேன்... படிப்படியா."

நான் சட்டென்று ரோட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். வாயைத் திறந்தால் சிரித்துவிடுவேன். டீச்சரோ, சாருடைய மடியில் கவிழ்ந்திருந்த அட்டையை எடுத்து நிமிர்த்தி வைத்தார். கொட்டை எழுத்தில், சாரே எழுதியது: 'வெளியேறு!'

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "இன்னா சார், தாம்பரத்துலேந்து ஒரே சவுண்டா கீது? சாவிய குட்துடு சார், பேஜார் பண்ணாம."

சார் அட்டையை மறுபடியும் கவிழ்த்து வைத்தார். பிறகு பேசியது மைக் பிடித்தவரின் குரலே இல்லை.

"என் ரூமைப் பையன் ஆபீஸாக்கிட்டான் டீச்சர். வொர்க் ஃப்ரம் ஹோம். ஹால்ல மருமக மீட்டிங். நான் இருமினா, 'அப்பா, மியூட்ல இருங்க'ங்கறான். பேப்பர் படிக்க ஒரு நாற்காலி போட இடமில்ல. இதையும் குடுத்துட்டு நான் எங்க போறது?"

எனக்குச் சுருக்கென்றது. ஆக்கிரமிப்பாளர் என்று இத்தனை நாள் மாடியில் உட்கார்ந்து கிண்டலடித்தோமே... மனிதரை ஏற்கெனவே ஒரு இடத்திலிருந்து விரட்டியிருக்கிறார்கள்! நாங்கள் இறங்குவதற்குள் சாரே சாவியை எடுத்து டீச்சர் கையில் வைத்துவிட்டார்.

டீச்சர் ஓடிப்போய் மோட்டாரைப் போட்டார். தண்ணீர் ஏறியது. எதிர் வீட்டுப் பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். சந்தோஷத்தில் புதிய தலைவர் மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டார்! டேங்க் நிரம்பி வழிந்து, கீழே நின்றிருந்த சாரின் தலையில் கொட்டியது. 'நான்தான் சொன்னேனே' என்று சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்குமா? அவர் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து நின்றார். ஆட்சி மாற்றத்தை அன்றுதான் அவர் நிஜமாகவே வரவேற்றார் என்று நினைக்கிறேன்.

எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. நெகிழ்ந்தால் என் வாய் சும்மா இருக்காது.

"சார், எங்க பால்கனி காலியாத்தான் கிடக்கு. காலையில ஒரு மணி நேரம் வந்து நிம்மதியாப் பேப்பர் படிங்க!"

திங்கட்கிழமை பேப்பரோடு வந்தார். செவ்வாயன்று ஈஸி சேர் வந்தது. மறுநாள் டேபிள் ஃபேன். நேற்று பேப்பர் கட்டுகளும் வந்து சேர்ந்தன. எங்கள் துணிகள் இப்போது ஹாலில் காய்கின்றன.

"எப்பக் கிளம்புவாருன்னு கேளுங்க" என்று சுமதி முறைத்தாள். தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

சார் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "புறாத் தொல்லை ஜாஸ்தி சார் இங்க. உங்க பாதுகாப்புக்குத்தான் உட்கார்ந்திருக்கேன்."

இன்று காலை சுமதி என்னிடம் அந்த 'வெளியேறு!' அட்டையைக் கேட்டாள்.