பூவரச மரத்தடி பிரஷர்

பிரஷர் பார்க்கிற வேலையில் ஒரு நிம்மதி உண்டு: மனுஷங்க பொய் சொன்னாலும் மெஷின் சொல்லாது. பயிற்சியில் அப்படித்தான் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

மரக்காணம் உப்பளத்தை ஒட்டின தெருக்களில் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து, மாத்திரை கொடுத்து, நோட்டில் எழுதுவது என் வேலை. நான் நர்ஸ் இல்லை, நர்ஸுக்கும் கீழே. ஊரில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது, பிரஷரம்மா என்றால் வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். கையில் பட்டையைச் சுற்றினதுமே மூச்சைப் பிடித்துக்கொள்கிற சக பிரஷர்காரர்களே, தோள் ஒரு பக்கம் இறங்கிப்போகப் பை தூக்குகிற என் கூட்டத்தாரே, நம்ம பாடு நமக்குத்தான் தெரியும். அதனால் உங்களிடமே சொல்கிறேன்.

அஞ்சு நிமிஷம்

பிரஷர் பார்ப்பதற்கு முன்னால் ஆளை அஞ்சு நிமிஷம் சும்மா உட்கார வைக்கணும் என்பது சட்டம். சட்டம் எழுதின புண்ணியவான் தகர ஷீட் வீட்டுக்குள்ளே உட்கார்ந்திருக்க மாட்டார். பதினொரு மணிக்கு உள்ளே போனால் அஞ்சாவது நிமிஷம் எனக்கே பட்டை கட்ட வேண்டியிருக்கும். வெளியே வந்தாலும் போக்கிடம் இல்லை. கண் கூசுகிற அளவுக்கு உப்புப் பாத்தி, அதற்கப்புறமும் உப்புப் பாத்தி. உப்பு மண்ணில் என்ன முளைக்கும்? மேற்கே பெரிய வரப்பு முடிகிற இடத்தில் ஒரே ஒரு பூவரச மரம் மட்டும் எப்படியோ பிழைத்து நிற்கிறது.

ஏழுமலை அண்ணனுக்கு முதல் தடவை அவர் வீட்டில் வைத்துத்தான் பார்த்தேன். உப்பு வாருகிறவர், ஐம்பது வயசு இருக்கும், வாய் மட்டும் இருபது வயசு. மேல் நம்பர் நூற்றி அறுபத்தெட்டு காட்டியது. பயந்துபோய், "வாங்கண்ணா, கொஞ்ச நேரம் நெழல்ல குந்துவோம்" என்று மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடல் காத்து இலையைச் சலசலவென்று ஆட்டிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் அவர் அவருடைய மாமியார் கதையைச் சொன்னார், நான் சிரித்தேன். திரும்பப் பார்த்தால் நூற்றி முப்பத்தெட்டு. மெஷினைத் தட்டிவிட்டு இன்னொரு தரம் பார்த்தேன், அதேதான். அண்ணன் அண்ணாந்து மரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு ஏம்மா மாத்திர குடுக்குற, இந்த மரத்துக்கு ஒரு டாக்டர் போர்டு மாட்டிட்டுப் போ."

கட்டில் போன வழி

அன்றிலிருந்து என் ஆபீஸ் மரத்தடிக்கு மாறிவிட்டது. எல்லாரும் அங்கே வந்துவிட வேண்டும். அவர்கள் நன்மைக்காக என்று சொல்லிக்கொண்டேன். நிஜத்தைச் சொன்னால் என் தலை வேகாமல் இருக்கத்தான்.

நடுவில் ஒரு மாசம், லீவில் போனவளுக்குப் பதிலாக என்னை இரும்பை கிராமத்துப் பக்கம் அனுப்பினார்கள். அங்கே நிழலுக்குப் பஞ்சமே இல்லை. மாமரம், பலா, முந்திரி, புளி. ஒரு வீட்டில் ஒரு பெரியவர், ஆதார் கார்டில் எண்பத்தொன்பது, அவர் சொல்கிற கணக்கில் அதற்கும் மேலே. நூற்றி இருபத்திநாலு காட்டினார். எங்கள் உப்பளத் தெருவில் அந்த வயசில் ஆள் வேண்டுமென்றால் சுவரில் மாலை போட்ட போட்டோவில்தான் தேட வேண்டும், அதுவும் அறுபதில் எடுத்த போட்டோவாக இருக்கும். எனக்கு வயிறு எரிந்தது. அப்படி என்னதான் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "நான் இன்னாம்மா பண்ணேன், நெழல் எங்க போச்சோ அங்க கட்டில இழுத்துக்கினு போனேன், அவ்ளோதான்."

புல்லுத் தரை வீடு

மழை மாசங்களில் உப்பளம் மூழ்கிவிடும். அப்போது ஏழுமலை அண்ணன் ஈசிஆர் ரோட்டோரம் சென்னைக்காரர்கள் கட்டின ஒரு வீட்டில் தோட்ட வேலைக்குப் போவார். அந்த வீட்டம்மா நல்ல மனுஷி. அண்ணனுக்கு மாத்திரை கொடுக்கப் போன என்னைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டு காபி கொடுத்து, கையையும் நீட்டினார். நூற்றி இருபது. சென்னையில் பார்த்தால் நூற்றி ஐம்பதுக்குக் குறையாதாம், பச்சை இருக்கிற இடத்தில் போய் இருங்கள் என்று டாக்டர் சொன்னதால்தான் இந்த வீட்டையே கட்டினார்களாம். அண்ணன் ஹோஸ் பைப்பைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அந்தம்மா மனசாரச் சொன்னார்: "நீங்கள்லாம் குடுத்து வச்சவங்க, வருஷம் பூரா இங்கயே இருக்கீங்க."

நோட்டில் ஒரு கட்டம்

என் நோட்டில் ஒரு ஆளுக்கு மாசம் ஒரு கட்டம். அதைச் சுகாதார நிலையத்து சிஸ்டர் பார்ப்பார், டாக்டரிடம் காட்டி மாத்திரையை ஏற்றுவதோ குறைப்பதோ செய்வார். ஏழுமலை அண்ணன் கட்டங்களில் நூற்றி முப்பத்தெட்டு, முப்பத்தாறு, முப்பத்துநாலு என்று அழகாக இறங்கிக்கொண்டே வந்தது. "கன்ட்ரோல்ல இருக்கு, இதே மாத்திரை போதும்" என்று சிஸ்டர் எழுதினார். எனக்குப் பெருமை. எல்லாம் மரத்தடியில் பார்த்த நம்பர் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

மாசி போய் வெயில் ஏறினதும் அண்ணன் இரண்டு தடவை சொன்னார், மத்தியானம் பலகை பிடித்து உப்பு வாரும்போது பின்கழுத்து இழுக்கிறது, கண்ணைக் கட்டுகிறது என்று. நான் நோட்டைத் திறந்து காட்டி, "நல்லாத்தானண்ணா இருக்குது, வெயிலு, அதான்" என்றேன். அவரும் நம்பிவிட்டார். மெஷினை நம்பினாரா என்னை நம்பினாரா, தெரியாது. அந்த வார்த்தையை இன்றைக்கும் என்னால் முழுங்க முடியவில்லை.

கத்திரி ஆரம்பித்த வாரம், உச்சி வெயிலில் பாத்தியிலேயே விழுந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் கோணிப்போயிருந்ததாம். டெம்போவில் போட்டுப் பாண்டிக்குக் கொண்டுபோனார்கள். மூணாம் நாள் போய்விட்டார். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

கருமாதி முடிகிற வரைக்கும் எனக்கு அந்தத் தெருவுக்குள் போகக் கால் வரவில்லை. அப்புறம் ஒரு நாள் நோட்டை எடுத்துக்கொண்டு அவர் சம்சாரம் சரோஜா அக்காவிடம் போய் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்த முதல் நாளுக்கு அப்புறம் வீட்டில் வைத்து ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் மாத்திரையை ஏற்றியிருப்பார்கள், நான்தான் பார்க்கவில்லை என்று சொல்லி அழுதேன். அக்கா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் நோட்டை வாங்கி, எழுதப் படிக்கத் தெரியாதவர், கட்டங்களை விரலால் தடவிப் பார்த்தார். "மரத்தடியில அவுரு இருந்தது நீ வர்ற அன்னிக்கு அர மணி நேரந்தாம்மா. மிச்ச நாளெல்லாம் அளத்துலதான இருந்தாரு."

ரெண்டு நம்பர்

இப்போது எல்லாருக்கும் அவரவர் வீட்டில் ஒரு தரம், மரத்தடியில் ஒரு தரம் பார்க்கிறேன். கட்டத்தின் நடுவே ஒரு கோடு போட்டு இரண்டையும் எழுதுகிறேன். இதில் எது சரி என்று சிஸ்டர் கேட்டார். இரண்டும் சரிதான் என்றேன். அவர் வீட்டு நம்பரை வட்டம் போட்டு டாக்டரிடம் கொண்டுபோனார். மரத்திலிருந்து கிளைப் போத்து வெட்டி நாலு வீட்டு வாசலில் நட்டேன். மூணு கருகிவிட்டது. சரோஜா அக்கா வாசலில் இருக்கிறது மட்டும், பாத்திரம் கழுவின தண்ணீரில், இரண்டு இலை விட்டிருக்கிறது.

போன மாசம் அக்கா முறை. பழக்க தோஷம், "வாக்கா, மொதல்ல மரத்தடிக்குப் போலாம்" என்று வாயில் வந்துவிட்டது. அக்கா எழுந்திருக்கவில்லை. தகர ஷீட்டுக்குக் கீழே, அண்ணன் போட்டோவுக்கு நேரே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். நூற்றி எழுபத்திரண்டு. "இங்கயே பாரும்மா, நான் இருக்கிற எடத்துல எவ்ளோன்னு டாக்டருக்குத் தெரியட்டும்."

மூணு வருஷமாக ஒரு தெருவுக்கே பிரஷர் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்ததெல்லாம் ஒரு பூவரச மரத்துக்குத்தான், அதுக்கு என்றைக்கும் நார்மல்.