தாடைக்கு அடியில் கத்தி

காளவாசலில் புதிதாகத் திறந்திருக்கும் பெரிய கடையில் படிகாரக் கட்டியை அட்டைப் பெட்டிக்குள் போட்டு, மேலே ஒரு வெள்ளைக்காரன் முகத்தையும் அச்சடித்து விற்கிறார்கள். சிரிப்பு வந்தது. வாங்கியும் விட்டேன், அது வேறு விஷயம். வீட்டுக்கு வந்து நனைத்துக் கன்னத்தில் தேய்த்ததும் அந்தப் பழைய சுரீர். கூடவே செல்லூர் சலூனும் மாமாவும் வந்துவிட்டார்கள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. செல்லூரில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளில், சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. என் கன்னத்துக் கீறல்களைப் பார்க்கச் சகிக்காமல் தன்னுடைய சலூனுக்கே கூட்டிப்போனார். அதன்பிறகு ஞாயிறு தவறாமல் அவரோடுதான் சவரம்.

நன்றாகச் சவரம் செய்வது எப்படி என்று அங்கேதான் தெரிந்தது. வெந்நீரில் முகத்தை ஊறவிட வேண்டும். நுரை போட்டுக் கொஞ்சம் சும்மா இருக்க வேண்டும். முதலில் முடி வளர்ந்த போக்கில், தோலை இழுத்துப் பிடித்து. மறுபடி நுரை. அப்புறம்தான் எதிர்ப்போக்கு. நானோ பச்சைத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு எடுத்த எடுப்பில் கீழிருந்து மேலே இழுத்தவன். கிழங்கு சீவுகிறவன்கூட இன்னும் பொறுமையாகச் சீவுவான்.

அந்தச் சலூன் பெஞ்சுக்கு ஒரு வழக்கம் உண்டு. அங்கே உட்கார்ந்து நாலு பேர் கேட்கச் சொன்ன பேச்சு சொன்னதுதான், பிறகு மாற்ற முடியாது. தறி வாங்குவதையும் சம்பந்தத்தையும் அங்கேயே பேசி முடிப்பார்கள்.

மாமாவுக்கு ஒரே மகள், செல்வி. எனக்கு முறைப்பெண். இவளுக்கு இவன் என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லிக் காதுக்குப் பழகியிருந்தது. எனக்கு அவளைப் பிடித்தும் இருந்தது, அதுதான் கொடுமை. அவளோ கோயம்புத்தூர் போய் மேலே படிக்க ஆசைப்பட்டாள்.

"அப்பா கேட்டா நீங்களே வேணாம்னு சொல்லிருங்க மச்சான். நான் சொன்னா படிப்ப நிப்பாட்டிட்டு உடனே கல்யாணத்த முடிச்சிருவாரு."

சரி என்றேன். அழுகிற பெண்ணிடம் வேறென்ன சொல்வது?

அடுத்த ஞாயிறே மாட்டிக்கொண்டேன். ஒரு கன்னம் முடிந்திருந்தது, மறு கன்னத்தில் நுரை. கழுத்தைச் சுற்றித் துணி, தலை பின்னால் சாய்ந்து, தாடைக்கு அடியில் கத்தி. பெஞ்சில் இருந்த மாமா கண்ணாடியில் தெரிந்தார்.

"மாப்ள, தையில வச்சுக்கிருவோமா? இம்புட்டுப் பேரு இருக்காக, ஒரு வார்த்த சொல்லிரு."

செய்தித்தாள்கள் எல்லாம் கீழே இறங்கின.

"அசையாதீங்க தம்பி," என்றார் சலூன்காரர்.

பாதி முகத்தோடு எங்கே ஓடுவது? அவர் நுரையைத் துடைக்கக் கத்தியை எடுத்த நேரத்தில் சொன்னேன்.

"எனக்கு இஷ்டமில்ல மாமா."

கத்தி அந்தரத்தில் நின்றது.

"எம் மககிட்ட என்னடா கொறை கண்ட?"

உண்மையைச் சொன்னால் அவள் படிப்பு போகும். பொய் சொல்லலாம் என்றால் ஒரு குறையும் அகப்படவில்லை. "அண்ணே, நீங்க வழிங்க" என்று தலையைச் சாய்த்துவிட்டேன். கத்தி கழுத்தில் இருக்கும்வரை பேச வேண்டியதில்லையே. படிகாரம் தடவும்போது கண்ணாடியில் மாமா இல்லை.

செல்வி படித்தாள். இப்போது கோயம்புத்தூரிலேயே வேலை, குடும்பம். அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று பல தடவை கேட்டாள். வேண்டாம், கோபம் என்னோடு போகட்டும் என்று தடுத்துவிட்டேன். மாமா புதன்கிழமைச் சவரத்துக்கு மாறிக்கொண்டார்.

சலூன் இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை. தறிகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ஞாயிறுக்கு அப்புறமும் கல்யாண வீடுகளில் என்னைக் கண்டு அவர் முகத்தைத் திருப்பியதே இல்லை. என்னைத் தோளில் தூக்கி வளர்த்த தாய்மாமா, எழுந்து நின்று கும்பிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாங்க தம்பி, உக்காருங்க" என்பார்.