தையல்காரரின் இடுப்பளவு

தெருவில் உள்ள அத்தனை பேர் இடுப்பையும் அளந்த தையல்காரர், தன் இடுப்பை மட்டும் அளந்ததே இல்லை. கால்சட்டை இறுகினால் "துணி சுருங்கிடுச்சு" என்பார். பின்பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே மடிந்திருக்கும் துணியை வெளியே விட்டு, சத்தமில்லாமல் மறுபடி தைத்துக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்து சுருங்கிச் சுருங்கியே அவர் துணியெல்லாம் பெருத்துவிட்டது. கடையில் பட்டன் கட்டும் மனைவி இதைப் பற்றி வாயே திறக்க மாட்டாள். அவள் உடுப்புகளுக்கும் அதே வியாதி.

மகளுக்குக் குழந்தை பிறந்தபோதுதான் வினை வந்தது. பேத்தியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போன இருவரையும் ஒரு நர்ஸ் உட்காரவைத்து, விரலில் குத்திப் பார்த்தாள்.

"சர்க்கரை இன்னும் உள்ள வரல. வாசல்ல நின்னு செருப்பக் கழட்டிட்டு இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து நடங்க, இனிப்பக் குறைங்க, திரும்பிப் போயிடும்" என்றாள்.

மகள் பிடித்துக்கொண்டாள். "நான் வேலைக்குப் போறப்ப பாப்பாவ யார்கிட்ட விடறது? படி ஏறினாலே மூச்சு வாங்குற உங்ககிட்டயா? மூணு மாசம் டைம்ப்பா. சுகரக் குறைச்சுக் காட்டுங்க. இல்லேன்னா அத்தை பாத்துக்கட்டும்."

அத்தை என்றால் மருமகனின் அம்மா. காலையும் மாலையும் நடப்பவர். நடப்பதற்கு ஆகும் நேரத்தைவிட, நடந்ததைச் சொல்வதற்கு அவருக்கு அதிக நேரம் ஆகும். வெறும் வெந்நீரைக் கண்ணை மூடி ரசித்துக் குடிப்பார். அந்த மடியில் தன் பேத்தி வளர்வதை நினைத்தாலே தையல்காரர் ஊசியைத் தன் விரலிலேயே குத்திக்கொள்வார். பிறந்த அன்றே டேப்பை எடுத்துத் தலை முதல் கால் வரை அவர் அளந்து பார்த்த பேத்தி அவள். அளக்கும்போது டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றவள்.

மறுநாளே நடை தொடங்கியது. ஆனால் சேர்ந்து நடந்து இருவருக்கும் பழக்கமில்லை. எங்கே போனாலும் அவர் முன்னால், அவள் ஒரு தெரு பின்னால்.

"கொஞ்சம் நின்னு வந்தா என்னவாம்? யாராவது துரத்துறாங்களா?" என்று முதல் நாள் கேட்டாள்.

"வேகமா நடந்தாத்தான் சுகர் எறங்கும்."

அதற்கு அடுத்த நாளிலிருந்து அவள் கேட்கவே இல்லை. மனைவிக்குப் புத்தி வந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். முன்னால் போவதில் அவருக்கு ஒரு வசதியும் இருந்தது. முனையில் ஒரு டீக்கடை. அவள் வந்து சேர்வதற்குள் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ குடித்து, வாயைத் துடைத்து, கை வீசிப் பயிற்சி செய்துகொண்டு நிற்பார். வீட்டில் மட்டும் சர்க்கரையில்லாத டீயை, தூக்குமேடைக்குப் போகிறவன் முகத்தோடு குடிப்பார்.

பாதிக் கெடுவில் சோதித்தார்கள். இருவருக்குமே சர்க்கரை நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"மெஷின்ல கோளாறு" என்றார்.

"ஊசியும் சரியில்ல" என்றாள். அவர்கள் ஒத்துப்போன அபூர்வமான விஷயங்களில் அதுவும் ஒன்று.

அந்த வாரமே அத்தை தொட்டில் வாங்கிவிட்டார் என்று சேதி வந்தது. தையல்காரர் அன்று ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே தைத்துவைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் குழந்தையை வண்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். "நடக்கப் போறப்ப இவளையும் தள்ளிட்டுப் போங்க. நான் கொஞ்சம் தூங்கறேன்."

வண்டியின் சக்கரம் ஒரு பக்கமாக இழுத்தது. ஒருவர் தள்ள, இன்னொருவர் பக்கத்தில் நின்று பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் இருவரும் தோளோடு தோள் உரச நடந்தார்கள். ரொட்டிக்கடை வந்தது. உள்ளேயிருந்து கடைக்காரப் பெண் கையை ஆட்டினாள்.

"அக்கா, கிரீம் பன் எடுத்து வச்சிருக்கேன். இன்னிக்கு லேட்டு?"

தையல்காரர் வண்டியை நிறுத்தினார். "இதுக்குத்தான் அம்மா பின்னாடியே வந்தீங்களாக்கும்?"

அவள் குழந்தையின் போர்வையைச் சரிசெய்தாள்.

"பேத்தி முகத்தப் பாத்தாவது வாயக் கட்டக் கூடாதா? உன்னாலதான் அந்தம்மா தொட்டில் வாங்கினாங்க" என்று அடுத்த தெரு முழுக்க அர்ச்சனை நடந்தது. வாயில் வந்ததைக் கொட்டிக்கொண்டே வந்தவர், டீக்கடையைக் கவனிக்கவில்லை. டீ மாஸ்டர் கிளாசோடு எதிரில் வந்து நின்றார்.

"டெய்லரே, உங்க டீ. சர்க்கரை எப்பவும் போலத்தான்."

அவள் கிளாசைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"கை வீசிக் களைச்சுப் போயிருப்பீங்க, குடிங்க."

அவர் குடிக்கவில்லை. குழந்தை கொட்டாவி விட்டது.

"பொண்ணுகிட்ட சொல்லிடாதே" என்றார் மெதுவாக.

"நீங்க சொல்லாம இருந்தா சரி."

அதன் பிறகு வண்டியை அவர்கள் திருப்பித் தரவே இல்லை. குழந்தை வராத நாளிலும் அதில் துணி மூட்டையை வைத்துத் தள்ளினார்கள். சக்கரத்தைச் சரிசெய்யவும் இல்லை. ஒருவர் கண் இன்னொருவர் வாயிலேயே இருந்ததால் இருவர் வாயும் சும்மா இருந்தது.

கெடு முடிந்த அன்று நர்ஸ் சிரித்தாள். சர்க்கரை செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டது, கூப்பிட்டுவிடாதீர்கள் என்றாள். "எல்லாம் நான் சொன்ன வெந்நீரு" என்று அத்தை தன் தெருவில் சொல்லிக்கொண்டார். தொட்டில் தையல் கடைக்கு வந்து சேர்ந்தது.

மகள் குழந்தையைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போன முதல் காலையில், தொட்டிலிலிருந்து பேத்தியைத் தூக்கியவர் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"துணி தளர்ந்துடுச்சு" என்றார்.

மனைவி பட்டனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, அவர் கழுத்தில் கிடந்த டேப்பை உருவி இடுப்பைச் சுற்றினாள். பேத்தி அதன் நுனியை எட்டிப் பிடித்தாள்.

"வயித்த உள்ள இழுக்காதீங்க" என்றாள் மனைவி. "வர்றவங்க கிட்டல்லாம் நீங்க சொல்றதுதானே."