பொறுப்பு கைமாறும் இடம்

பால்காரர் பாக்கெட்டை நீட்டியதும் ஷைனி வாங்கிவிடுவதில்லை. அவர் கையை நீட்டியபடி நிற்க, இவள் குனிந்து நான்கு மூலைகளையும் பார்ப்பாள். கசிவு இல்லை என்று தெரிந்த பிறகுதான் கை நீளும். "கைல வாங்கிட்டா, அப்பால ஒழுகுனா அது நம்ம பால்" என்பாள். உள்ளே டீத்தண்ணீர் கொதித்துச் சுண்டிக்கொண்டிருக்கும். அவளுடைய அப்பா ஹென்றி, சோதனை முடியும்வரை நாற்காலியில் கண்ணை மூடிக்கொள்வார். பார்ப்பவர்கள் ஜெபம் செய்கிறார் என்று நினைக்கலாம். அவர் பொறுத்துக்கொண்டிருக்கிறார்.

ஷைனி பி.பி.ஏ. மூன்றாம் ஆண்டு, சிறப்புப் பாடம் இன்டர்நேஷனல் பிசினஸ். ராயபுரத்துச் சந்து ஒன்றில், இரண்டாம் மாடியில் வீடு. ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை ஏற்றி இறக்கும் கலாசியாக இருந்து ஓய்வு பெற்ற ஹென்றியிடம் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இன்டர்நேசனல்னா, பாரின் அனுப்புவாங்களா?" பதில் தெரியாமல் ஒருநாள் மகளிடமே கேட்டார்.

"சரக்கு இங்கருந்து கெளம்பி அங்க போயி சேர்றவரைக்கும், எந்த எடத்துல யாரு பொறுப்புன்னு படிக்கிறோம் டாடி."

"அதுக்கு மூணு வருசமா?"

"எறங்குற எடத்துலதான் எல்லா சண்டையும் வருது. உனுக்குத் தெரியாது."

அவருக்குத் தெரியவில்லைதான். அவர் பார்த்த சண்டைகளுக்கு மூன்று வருடப் படிப்பு தேவைப்பட்டதில்லை.

எந்தப் பொருளைக் கொடுத்தாலும் ஷைனி முதலில் அதன் அடிப்பக்கத்தைப் பார்ப்பாள். சீப்பு, டார்ச் லைட், குடை எதுவும் தப்பாது. எங்கே செய்தது என்று தெரிந்தால்தான் மனம் அடங்கும். உறவினர் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவில், பங்குத்தந்தை மந்திரிக்க வைத்திருந்த வேளாங்கண்ணி மாதா சொரூபத்தை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "மாதா சைனாவுலருந்து வந்துகீறாங்க ஃபாதர்" என்றாள். ஃபாதர் சிரித்தார். அவள் அம்மா சிலுவையம்மாள் வீடு திரும்பும்வரை வாயைத் திறக்கவில்லை. திரும்பிய பிறகு மூடவில்லை.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே ஷேர் ஆட்டோ மாட்டிக்கொண்டால் மற்றவர்கள் டிரைவரைத் திட்டுவார்கள். ஷைனி தலையை வெளியே நீட்டி, கன்டெய்னர் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் படிப்பாள். "ஒவ்வொரு பொட்டிக்கும் இந்த நிமிசம் யாரோ ஒரு ஆளு பொறுப்பு. ஒரே ஒரு ஆளு. இன்னா அழகு பாரு டாடி!" அழகு எங்கே என்று ஹென்றி பார்ப்பார். டீசல் புகைதான் தெரியும். பொறுப்பு என்பது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குச் சிந்தாமல் மாறுகிற பொருள் என்று அவள் நம்புகிறாள். ஹென்றியின் அனுபவத்தில் அது துறைமுகத்துக் கரித்தூள் மாதிரி. யார் பக்கத்தில் நிற்கிறாரோ அவர்மேல் படியும். அவர் நாற்பது வருடம் பக்கத்தில் நின்றவர். உதறிவிட்டு வீட்டுக்கு வந்து குளிப்பதே அவர் அறிந்த வழி.

கல்லூரிக்கு வந்த கம்பெனிகளில் இரண்டு அவளை வேண்டாம் என்றுவிட்டன. முதல் இடத்தில், "நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்று மரியாதைக்குக் கேட்டார்கள். கன்டெய்னர் யார்டில் டிரெயினிங் நடக்கும்போது தலையில் பெட்டி விழுந்தால் செலவு யாருடையது என்று இவள் கேட்டாள். இரண்டாவது இடத்தில் என்ன நடந்தது என்று ஹென்றி விசாரிக்கவில்லை. மிச்சமிருப்பது ராஜாஜி சாலையில் ஒரு கப்பல் சரக்கு அனுப்பும் கம்பெனி. இதுவும் போனால் கல்லூரி மூலமாக வேறு இடம் கிடையாது. மதியம் இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

பழையது கெட்டுப்போனதால் வாங்கிய புது ஃபிரிட்ஜும் அன்றைக்குத்தான் வந்து தொலைத்தது.

வண்டி சந்துக்குள் நுழையாது. டெலிவரிக்கு வந்த பொன்ராஜும் டிரைவரும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து மாடிப்படிக்கு எதிரே, தெருவிலேயே நிறுத்தினார்கள். பொன்ராஜ் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஓடிபி சொல்லுங்க" என்றார். ஹென்றியின் போனுக்கு வந்திருந்த அந்த எண்ணைச் சொன்னால், பொருளைச் சரியாக ஒப்படைத்துவிட்டதாக அவர் பதிந்துகொண்டு போய்விடலாம். ஹென்றி போனை எடுத்தார்.

"டாடி, இரு!" நேர்காணலுக்கு இஸ்திரி போட்ட சுடிதாரில் ஷைனி படியில் இறங்கி வந்தாள். "பில்லுல ரெண்டாவது மாடி வரைக்கும்னு போட்டுகீது. தெருவுல வெச்சிட்டு நம்பர் கேட்டா இன்னா அர்த்தம்?"

"பாப்பா, பில்ல நானா போட்டேன்? தூக்க ஆளு குடுக்கல. முனைல ஆளுங்க கீறாங்க, எதுனா குடுத்தா ஏத்திருவாங்க."

"அவங்க படியில இடிச்சா யாரு பொறுப்பு? நாங்களா? உங்க மேல கோவம் இல்லண்ணே. உங்க கடைதான் ஆளு அனுப்பணும்."

அவள் கடைக்குப் போன் போட்டாள். இசை கேட்டது. மறுபடி போட்டாள், மறுபடி இசை. ஹென்றி பெட்டியை ஓரமாக நகர்த்தப் போனார். "தொடாத டாடி! தொட்டா ஏத்துகின மாதிரி" என்று கத்தினாள். எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது. இரண்டாம் மாடியிலிருந்து சிலுவையம்மாளின் தலை எட்டியது.

"அடியே, ஐஸெல்லாம் உருகி மீனு நாறிகினு கீது! இன்னாங்க, துட்டக் குடுத்து ஏத்தச் சொல்லுங்க! அவதான் படிச்சவ, நீங்களுமா?"

கடைசியில் மேனேஜர் எடுத்தார். இரண்டு பேரை அனுப்புகிறேன், கிளம்பிவிட்டார்கள் என்றார். "கெளம்பிட்டாங்கன்னா இன்னும் சாப்பிடப் போவலன்னு அர்த்தம்" என்றார் பொன்ராஜ். ஷைனி கைப்பையை மாட்டிக்கொண்டாள், கடிகாரத்தைப் பார்த்தாள், ஆனால் நகரவில்லை.

ஹென்றிக்குப் பொறுமை முடிந்தது. "இன்டர்வியூ முக்கியமா, இது முக்கியமா? போடி!"

"நான் அந்தாண்ட போனதும் நீ நம்பர குடுத்துருவ."

"குடுத்தா இன்னா? கடலு ஊருக்குள்ள வந்துருமா?"

"அங்க உக்காந்துகினு நான் இன்னா சொல்லப் போறேன் டாடி? எந்த எடத்துல பொறுப்பு மாறும்னு எனக்குத் தெரியும், என்னை நம்பி சரக்கக் குடுங்கன்னு சொல்லணும். சொல்லிகினு இருக்கும்போதே எங்கப்பா தெருவுல வெச்சி கையெழுத்து போட்ட மாதிரி நம்பர குடுத்துட்டா? மனசு பூரா இங்கதான் இருக்கும். ரெண்டு எடத்துல போச்சு. இதுலயும் ஒளறிட்டு வந்துருவேன்."

அவள் குரல் கடைசியில் கொஞ்சம் ஆடியது. ஹென்றி அதைக் கவனித்தார். ஆனாலும் எரிச்சல் குறையவில்லை.

"சரி, குடுக்கல. போ."

"மாதா மேல சத்தியமா?"

"எந்த மாதா? சைனா மாதாவா?"

ஷைனிக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு சந்தின் முனைக்கு ஓடினாள். ஆட்டோவில் ஏறும்போதும் திரும்பிப் பார்த்தாள்.

அவள் மறைந்ததும் பொன்ராஜ் பக்கத்தில் வந்து குரலைத் தணித்தார். "நைனா, பாப்பா போயிட்சி. இன்னும் நாலஞ்சு வூடு பாக்கி கீது எனக்கு. நம்பர சொல்லிடு. முனைல ஆளுங்களை நானே இட்டாந்து ஏத்திட்டுப் போறேன். அதுக்கா தெரியப் போவுது?"

நியாயமான பேச்சு. ஹென்றி வாழ்நாள் முழுக்க இப்படிப்பட்ட நியாயங்களுக்குத் தலையாட்டியிருக்கிறார். இந்த வெயிலில் நிற்பதற்குக் கடை முதலாளி வரமாட்டார். வந்து நிற்பது பொன்ராஜும் தானும்தான் என்பதும் அவருக்குத் தெரியும். மேலேயிருந்து சிலுவையம்மாள், "அவ போயிட்டா இல்ல? முடிங்க!" என்று கத்தினாள். ஹென்றி போனை எடுத்துத் திறந்தார். எண் பெரிதாகத் தெரிந்தது. பொன்ராஜ் தன் போனில் விரலைத் தயாராக வைத்துக்கொண்டார்.

 ஹென்றி போனை லுங்கி மடிப்பில் செருகி, மடிப்பை இன்னொரு சுற்று இறுக்கினார். எதிர்க்கடையைப் பார்த்து மூன்று டீ என்று விரலைக் காட்டினார். பெட்டியின் நிழலில், முதுகு அதன்மேல் படாமல் ஒரு சாண் தள்ளி, மெதுவாக உட்கார்ந்தார்.