இரண்டாம் முறை கேட்ட பூ

எங்கள் மூத்த மகள் பத்தாம் வகுப்பில் நல்லபடியாகத் தேறியபோது எனக்கு மகிழ்ச்சியைவிடப் பயம்தான் அதிகமாக வந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கேரள எல்லைக்குள் இருக்கும் முதலமடையில் ஒரு முதலாளியின் மாந்தோப்பில் மேஸ்திரி வேலை. எங்கள் சொந்தபந்தத்தில் பெண்பிள்ளை கல்லூரிப் படி ஏறியதே கிடையாது. எழுபதுகளின் நடுவில் நடந்தது இது.

இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. ஒன்று பாலக்காட்டுப் பக்கம். காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்துவிடலாம். இன்னொன்று கோயமுத்தூரில், பெண்கள் மட்டும் படிப்பது. பாடமெல்லாம் தமிழிலேயே உண்டு. ஆனால் ஹாஸ்டலில் தங்க வேண்டும்.

இரண்டுக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பாலக்காட்டுப் பக்கத்துக் கல்லூரியில் ஆபீஸ் ஜன்னலில் இருந்தவர் நல்ல மனிதர்தான். அவளிடம் மலையாளத்தில் ஏதோ கேட்டார். தமிழ்ப் பள்ளியில் படித்தவள் என்றாலும் கடைவீதி மலையாளம் அவளுக்கும் தெரியும். ஆனாலும் வாய் திறக்கவில்லை.

"குட்டிக்கு மலையாளம் அறியில்லே?" என்று சிரித்தார்.

நான் முந்திக்கொண்டு, "படிச்சோளும் சாரே" என்றேன், கற்றுக்கொள்வாள் என்று.

கோயமுத்தூரில் ஒரு டீச்சரம்மா வராந்தாவில் எங்களைப் பார்த்து, எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும், "உங்க ஊர் மாங்காய் மட்டும் எப்படி எல்லாருக்கும் முந்தி வருது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் ஆரம்பித்துவிட்டாள். மலை மறைப்பு, மழை குறைவு, பூ உதிராமல் நிற்பது என்று நிறுத்தாமல் சொன்னாள். எனக்கே தெரியாத சேதி இரண்டு அதில் இருந்தது. "இதை வகுப்புல வந்து எல்லாருக்கும் சொல்லோணும் நீ" என்றார் அந்த அம்மா. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "எனக்கு அங்கதான் பேச வருதுங்கப்பா" என்றாள்.

அதற்குமேல் ஒரு தகப்பனுக்கு என்ன வேண்டும்? எனக்குப் போதவில்லை. பெற்ற பெண்ணைக் கண்ணுக்கு எட்டாத இடத்தில் விடுவதா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அதை வெளியே சொல்லவும் வெட்கம். அதனால், "அம்மன்கிட்டப் பூப்போட்டுக் கேட்டுப் பாக்கலாம்" என்றேன்.

என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து, "ஏனுங்க, அம்மன் எந்தக் காலேசுல படிச்சாளாம், அவளைப் போய்க் கேக்கறீங்க?" என்றாள்.

"வாயைக் கழுவு" என்றேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, அம்மன் உத்தரவு இல்லாமல் தொடங்கமாட்டோம். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியே இலையில் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். கையில் எந்தப் பூ வருகிறதோ அதுதான் வாக்கு. ஒரு வெள்ளிக்கிழமை போனோம். சிவப்பு வந்தால் கோயமுத்தூர், வெள்ளை வந்தால் பாலக்காட்டுப் பக்கம் என்று நான்தான் சொல்லி வேண்டிக்கொண்டேன். மகளே எடுத்தாள். பூசாரி பிரித்தார். சிவப்பு.

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்: "மணிச் சத்தத்துல நான் சரியா வேண்டிக்கலீங்க. இன்னொருக்காப் போடுங்க."

பூசாரி தயங்கினார். "ஒருக்காக் கேட்டாப் போதுமுங்களே."

"போடுங்க."

இரண்டாம் முறை வெள்ளை வந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"ஒண்ணுக்கு ஒண்ணு ஆச்சுங்களே. மூணாவது ஒருக்காப் போட்டுப் பாக்கலாமுங்களாப்பா?" என்றாள் மெதுவாக.

"அம்மனைச் சோதிக்கக் கூடாது கண்ணு" என்றேன் நான்.

மறுபேச்சுப் பேசாமல் பாலக்காட்டுப் பக்கத்துக் கல்லூரியில் சேர்ந்தாள். அந்தக் கல்லூரிமேல் குற்றம் சொல்லமாட்டேன். அங்கே படித்து நல்ல நிலைக்கு வந்த பிள்ளைகள் எங்கள் பக்கத்திலேயே உண்டு. இவளுக்கு அந்த இடம் ஒட்டவில்லை, அவ்வளவுதான். கடைசி பெஞ்சில் உட்காருவாள், கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் எழுந்து நிற்பதோடு சரி என்று கூடப் படித்த பெண் ஒருத்தி பின்னால் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். வீட்டிலும் பேச்சுக் குறைந்தது. தம்பி தங்கையோடு மல்லுக்கு நிற்பதும் நின்றது. படித்த பிள்ளைக்கு அடக்கம் வந்துவிட்டது என்று தோப்பில் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன்.

இரண்டாம் வருஷம் ஓணம் லீவு முடிந்து ஒரு நாள் காலையில் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இவளைப் பார்த்து விசில் ஊதாமல் காத்திருந்தார். இவள் நிறுத்தத்தில் புத்தகத்தை மார்போடு அணைத்தபடியே நின்றாள். "பஸ் நிக்குதல்ல, ஏறு கண்ணு" என்றேன். "போகட்டுமுங்கப்பா" என்றாள். பஸ் போய்விட்டது. பிறகு அவள் அந்தப் பக்கம் போகவே இல்லை.

நான் யாரிடமும் சொல்லாமல் கோயமுத்தூருக்குப் போனேன். அதே டீச்சரம்மாவைத் தேடிப் பிடித்து நடந்ததைச் சொன்னேன், பூவைத் தவிர. அவருக்கு எங்களை நினைவிருந்தது. "அடுத்த வருஷம் முதல்லேயிருந்து சேரட்டும், கூட்டிட்டு வாங்க" என்றார். பஸ் இறங்கி வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து மகளிடம் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

"வேண்டாமுங்கப்பா. போதுமுங்க."

வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. அடுத்த தை மாதத்தில் பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். அம்மன் கருணையில் மாப்பிள்ளை தங்கமானவர், குடி இல்லை, கை நீட்டுவதும் இல்லை. நான் போகும்போதெல்லாம் இலை நிறையச் சோறு போட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து, மகளைப் பற்றி மனசாரச் சொல்வார்: "உங்க புள்ள ஊட்டுல இருக்கறதே தெரியாதுங்க மாமா. ஒரு சத்தம் கெடையாது."

நான் சோற்றைப் பிசைந்தபடி தலையை ஆட்டுவேன்.